விக்கியில் பிறரால் திருத்த முடியாத பகுதி: படங்களைக் கவனத்தோடு பயன்படுத்துவது எப்படி

ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம் என்பதே விக்கியின் அடிப்படை வலிமை. 1995இல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கித் தளத்தைத் திறந்தபோதும், 2001 சனவரியில் விக்கிப்பீடியா தொடங்கப்பட்டபோதும் நம்பிக்கை இதன்மீதுதான் வைக்கப்பட்டது. ஆண்டு தவறாக இருந்தால் அடுத்து வருபவர் மாற்றுவார், ஒற்றுப்பிழை இருந்தால் கண்ணில் பட்டவர் நீக்குவார், ஒருபக்கம் சாய்ந்த வாக்கியத்தை மூன்றாமவர் நிமிர்த்துவார். படத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு முழுமையாகப் பொருந்துவதில்லை. படத்தை எடுத்தவர் யார் என்பதைப் பதிவேற்றியவர் குறிக்காமல் விட்டிருந்தால், சில ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்துக்கு வரும் தொகுப்பாளர் அதைக் கண்டறிய எந்த வழியும் இருக்காது. படத்தில் இருப்பவரிடம் இசைவு கேட்கப்பட்டதா, படம் எந்த இடத்தில் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பவையும் அவ்வாறே. ஆகவே படம் சேர்ப்பவர் செய்யவேண்டிய வேலையில் பெரும்பங்கு, பதிவேற்றும் அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே முடிந்தாக வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வேலையைப் புதியவர்களுக்கு விளக்குகிறது.

சமூக விக்கி என்று இங்கே குறிப்பது விக்கிப்பீடியாவை மட்டும் அன்று. ஒரு மென்பொருளின் பயனர்கள் சேர்ந்து எழுதும் உதவிக் கையேடு, ஒரு விளையாட்டின் ரசிகர்கள் தொகுக்கும் தகவல் தளம், ஒரு துறையின் ஆர்வலர்கள் நடத்தும் சிறு களஞ்சியம் ஆகிய எல்லாமும் அதில் அடங்கும். விதிகள் தளத்துக்குத் தளம் மாறும் என்பதால், பதிவேற்றும் முன் அந்தந்த விக்கியின் படக் கொள்கையைப் படித்துவிடுவது நல்லது. ஆனால் ஒரு படத்தால் நன்மையோ தீமையோ அடையக்கூடியவர்கள் எல்லாத் தளங்களிலும் ஒரே வகையினர்தான்: படத்தை எடுத்தவர், அதில் தோன்றுபவர், அதைக் காண்பவர், பின்னாளில் அதைப் பராமரிப்பவர்.

இவர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன், படம் தேவையா என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஓர் இலையின் விளிம்பு எப்படிப் பல்லுப் பல்லாக இருக்கிறது, ஒரு முடிச்சு எப்படிப் போடப்படுகிறது, ஒரு மென்பொருளின் அமைப்புப் பட்டியல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பவற்றைச் சொல்ல ஒரு பத்தி முழுதும் போதாமல் போகலாம். படம் ஒரு நொடியில் காட்டிவிடும். ஒத்துழைப்பு என்ற பக்கத்தில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படமோ புதிதாக எதையும் சொல்வதில்லை. அது இடத்தை அடைத்துக்கொள்கிறது, மெதுவான இணைப்பில் படிப்பவரைக் காக்க வைக்கிறது. விக்கிப் பக்கம் வெறுமையாகத் தெரிகிறதே என்ற எண்ணத்தால் மட்டும் சேர்க்கப்படும் படங்களில் பத்துக்கு எட்டு இல்லாமலிருந்தாலும் குறையில்லை என்பது என் கருத்து.

எடுத்தவர் யார், தந்தது என்ன

புதியவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இணையத் தேடலில் கிடைத்த படம் எல்லாருக்கும் பொதுவானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தேடுபொறி படத்தை எடுத்துக் காட்டுகிறதே தவிர, அதைப் பயன்படுத்தும் உரிமையை யாருக்கும் வழங்குவதில்லை. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளில், அதாவது உலகின் பெரும்பாலான நாடுகளில், பதிப்புரிமை ஒரு படைப்பு உருவானவுடன் தானாகவே பிறக்கிறது. பதிவுசெய்ய வேண்டியதில்லை, பதிப்புரிமைக் குறியீட்டைப் போட வேண்டியதும் இல்லை. எனவே ஒரு படத்தின்மேல் எதுவும் எழுதப்படாமல் இருந்தால், அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அல்ல, உரிமை வேறொருவரிடம் இருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்துவதற்காகவே 2001இல் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு தோன்றியது; அதன் முதல் உரிமங்கள் 2002 திசம்பரில் வெளிவந்தன. படைப்பாளி தானே முன்வந்து, இன்னின்ன நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்தலாம் என்று அறிவிப்பதற்கான ஆயத்த உரிமங்கள் அவை. பெயர் குறிப்பிட வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. மாற்றியமைத்த படைப்பையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது இன்னொன்று. இவ்விரண்டையும் விக்கிகள் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றியமைத்தல் கூடாது என்ற நிபந்தனைகள் உள்ள படங்களை, விக்கிப்பீடியாவுக்கும் அதன் துணைத் திட்டங்களுக்கும் பொதுவான படக் களஞ்சியமாக 2004 முதல் இயங்கிவரும் விக்கிமீடியா பொதுவகம் ஏற்பதில்லை. எவரும் எதற்கும் பயன்படுத்தக்கூடிய களஞ்சியமாக இருப்பதே அதன் நோக்கம் என்பதால், அத்தகைய தடைகள் அதனோடு ஒத்துப்போவதில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பெயரைக் கண்டவுடன் ‘சுதந்திரமான படம்’ என்று முடிவுகட்டாமல், அதனுடன் இணைந்திருக்கும் நிபந்தனைகளையும் படிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பதிவேற்றப் படிவத்தில் ‘இது என் சொந்தப் படைப்பு’ என்ற கட்டத்தைச் சொடுக்குவது மிக எளிது. அதனாலேயே அது மிக அதிகமாகத் தவறாகச் சொடுக்கப்படுகிறது. சுவரொட்டியைக் கைப்பேசியில் படம் பிடித்தால் படம் உங்களுடையது, சுவரொட்டியின் வடிவமைப்பு உங்களுடையது அன்று. வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய நிழற்படத்தை வருடியெடுத்தால், தாள் உங்களுக்குச் சொந்தமாக இருக்கலாம், பதிப்புரிமை அதை எடுத்த கலைஞரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ இருக்கக்கூடும். திரைப்பிடிப்பு எடுப்பதற்கு ஒரே ஒரு விசை போதும் என்றாலும், திரையில் தெரியும் விளையாட்டின் ஓவியங்கள் அதை உருவாக்கியவர்களுடையவை. பாரிசில் உள்ள ஈபெல் கோபுரம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 1889இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோபுரத்தைப் பகலில் படமெடுத்தால் சிக்கல் இல்லை. குசுத்தாவ் ஈபெல் 1923இல் இறந்துவிட்டதால் கட்டுமானத்தின் மீதான உரிமைக்காலம் என்றோ முடிந்துவிட்டது. ஆனால் 1985இல் அமைக்கப்பட்ட இரவு விளக்கொளி தனியொரு கலைப்படைப்பாகக் கருதப்பட்டு, அதன்மீது உரிமை கோரப்பட்டு வருகிறது. பொது இடத்தில் நிற்கும் கட்டடங்களையும் சிலைகளையும் படமெடுத்து வெளியிடும் சுதந்திரம் நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது என்பதைப் புதியவர்கள் நினைவில் வைத்தால் போதும். நுணுக்கங்களுக்கு விக்கிமீடியா பொதுவகத்தில் நாடுவாரியான விளக்கப் பக்கங்கள் உள்ளன.

சில விக்கிகள், உரிமம் இல்லாத படங்களையும் நியாயப் பயன்பாடு என்ற அடிப்படையில் குறுகிய அளவில் அனுமதிக்கின்றன. ஒரு நூலின் அட்டையை அந்த நூலைப் பற்றிய பக்கத்தில் சிறிய அளவில் காட்டுவது போன்றது அது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2007 மார்ச்சில் வெளியிட்ட உரிமக் கொள்கை, இத்தகைய விதிவிலக்குகள் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும் என்றும், வாழும் பிரபலங்களின் உருவப்படங்களைப் போல எவரேனும் சுதந்திர உரிமத்தில் எடுத்துத் தர வாய்ப்புள்ளவற்றுக்கு இந்த வழி கூடாது என்றும் வரையறுத்தது. நியாயப் பயன்பாடு என்ற சொல்லை எல்லாக் கதவுகளையும் திறக்கும் சாவியாகக் கருதுவது தவறு.

உரிமம் இருந்தாலும் மரியாதை மிச்சம் இருக்கிறது. படைப்பாளி கேட்டுக்கொண்ட வடிவில் அவர் பெயரையும், மூலப் பக்கத்தின் முகவரியையும், உரிமத்தின் பெயரையும், நீங்கள் வெட்டியோ வண்ணம் மாற்றியோ இருந்தால் அதையும் கோப்புப் பக்கத்தில், அதாவது பதிவேற்றிய ஒவ்வொரு படத்துக்கும் விக்கியில் உள்ள தனி விவரப் பக்கத்தில், எழுத வேண்டும். மூலையில் இருக்கும் நீர்க்குறி அழகைக் கெடுக்கிறது என்று வெட்டிவிட்டுப் பெயரையும் எழுதாமல் விடுவது, அந்த மனிதரைத் தடயமில்லாமல் அழிப்பதற்குச் சமம். அதேபோல, பிறர் தளத்தில் இருக்கும் படத்தைப் பதிவேற்றாமல் அங்கிருந்தே நேரடியாகக் காட்டுவதும் நல்லதன்று. பார்வைகள் உங்களுக்கு, தரவுச் செலவு அவருக்கு என்றாகிவிடும். அவர் நாளை அந்த முகவரியில் வேறு படத்தை வைத்தால் உங்கள் பக்கத்திலும் அதுவே தோன்றும். விக்கிப்பீடியா உட்படப் பல விக்கிகளை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் இயல்பாகவே இதை அனுமதிக்காத நிலையில் வருகிறது.

சொந்தப் படத்தைச் சுதந்திர உரிமத்தில் வழங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பது. விக்கியிலிருந்து படம் நீக்கப்பட்டாலும், அதற்குள் நகலெடுத்தவர்கள் நிபந்தனைகளைப் பின்பற்றும்வரை தொடர்ந்து பயன்படுத்தலாம். குடும்பத்தினர் தோன்றும் படங்களுக்கு இந்த முடிவை எடுக்கும்போது ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்ப்பது வீண்போகாது.

படத்துக்குள் இருப்பவர்

பதிப்புரிமை தீர்ந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணுவது, இந்தத் துறையில் நல்லெண்ணம் உடையவர்களும் செய்யும் பிழை. எடுத்தவரின் அனுமதி வேறு, படத்தில் தோன்றுபவரின் இசைவு வேறு. முதலாவது சட்ட ஆவணத்தால் தெளிவாகக் கிடைத்துவிடும். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை. விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் குழு 2011 மே மாதத்தில் அடையாளம் காணக்கூடிய மனிதர்களின் படங்களைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றி, தனியிடங்களில் அல்லது தனிமையை எதிர்பார்க்கக்கூடிய சூழலில் எடுக்கப்பட்ட படங்களுக்கு இசைவு இருப்பதை உறுதிசெய்யுமாறு தொகுப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. பொது இடத்தில் எடுத்த படத்துக்குப் பல நாடுகளில் இசைவு தேவைப்படுவதில்லை. சில நாடுகளில் தேவைப்படுகிறது. சட்டம் கேட்காத இடத்திலும் கேட்டுவிடுவதே பண்பு.

பொது இடத்தில் எடுத்த குற்றமற்ற படமும், வைக்கப்படும் இடத்தால் காயப்படுத்தும் படமாக மாறிவிடக்கூடும். சாலையில் நடந்து செல்லும் ஒரு பெண்ணின் படம், நகரத் தெருக்கள் என்ற பக்கத்தில் இருந்தால் யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை. அதே படத்தை உடற்பருமன் என்ற பக்கத்தில் வைத்தால், முன்பின் அறியாத ஒருவரின் உடல்மீது பல்லாயிரம் பேர் படிக்கும் பக்கம் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது. மருத்துவமனை வாசலில் நிற்பவரின் படம் தொற்றுநோய்ப் பக்கத்திலும், சிகரெட் பிடிப்பவரின் படம் போதைப் பழக்கம் பற்றிய பக்கத்திலும் வரும்போதும் இதுவே நிகழ்கிறது. படத்தின் விளக்கத்தில் அவர் பெயர் இல்லாமல் இருக்கலாம். அவரை அறிந்தவர்களுக்கு முகம் போதும். நோய், குற்றம், வறுமை, பாலியல், மனநலம் போன்ற தலைப்புகளுக்கு முகம் தெரியாத படத்தையோ வரைபடத்தையோ பயன்படுத்துவதைச் சலுகையாகக் கருதாமல் வழக்கமாகவே கொள்ளலாம்.

குழந்தைகளின் படங்களில் கவனம் இன்னும் கூட வேண்டும். பெற்றோரின் இசைவு இருந்தாலும்கூட, பத்தாண்டு கழித்து அந்தக் குழந்தை வளர்ந்து தேடும்போது என்ன கிடைக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். விபத்தில் சிக்கியவர்கள், கைது செய்யப்பட்டு இன்னும் தீர்ப்பு வராதவர்கள், துயரத்தில் அழுதுகொண்டிருப்பவர்கள் ஆகியோரின் படங்களுக்கும் இதே அளவுகோல்தான். செய்தி நாளிதழில் ஒரு நாள் வந்துபோகும் படமும், கலைக்களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும் படமும் ஒரே விளைவை உண்டாக்குவதில்லை.

இறந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்களிலும் டோரஸ் நீரிணைத் தீவுகளின் மக்களிலும் பல சமூகங்கள், இறந்தவர்களின் உருவத்தையும் பெயரையும் காண்பதையும் கேட்பதையும் துயரத்துக்குரியதாகக் கருதுகின்றன. அந்நாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அதனால் முன்னெச்சரிக்கை வாசகத்தோடு தொடங்குகின்றன. சடங்குக்குரிய பொருள்களின் படங்களுக்கும் சில சமூகங்கள் வரம்பு வைத்துள்ளன. ஒரு சமூகத்தைப் பற்றி எழுதும் பக்கத்தில் படம் சேர்ப்பதற்கு முன், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த தொகுப்பாளர் யாரேனும் இருக்கிறாரா என்று, தொகுப்பாளர்கள் கலந்து பேசும் உரையாடல் பக்கத்தில் கேட்பதால் இழப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் படத்தை விலக்கியே ஆக வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. தெரிந்து எடுத்த முடிவாக அது இருக்க வேண்டும் என்பதுதான் பொருள்.

முகம் இல்லாத படத்திலும் ஆள் இருக்கக்கூடும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் நாள், நேரம், கருவியின் பெயர் ஆகியவற்றோடு எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம். மீடியாவிக்கி இந்தத் தரவுகளைக் கோப்புப் பக்கத்தின் அடியில் அட்டவணையாகவே காட்டிவிடும். மலையையோ அருங்காட்சியகத்தையோ எடுத்த படத்துக்கு இடத்தரவு பெரும் பயன். வீட்டு மேசையில் வைத்து எடுத்த ஒரு கருவியின் படத்துக்கு அது உங்கள் வீட்டு முகவரி. அரிய பறவையின் கூட்டையோ அருகிவரும் ஆர்க்கிட் செடியையோ எடுத்த படத்தில் துல்லியமான இடத்தரவு இருந்தால், திருடுபவர்களுக்கும் வழி காட்டியாகிவிடும். பதிவேற்றும் முன் கைப்பேசியிலேயே இடத்தரவை நீக்கிவிடலாம். பின்னணியில் தெரியும் வண்டி எண், அடையாள அட்டை, கதவெண் ஆகியவற்றையும், திரைப்பிடிப்புகளில் தெரியும் மின்னஞ்சல் முகவரி, திறந்திருக்கும் பிற தாவல்கள், அறிவிப்புச் செய்திகள் ஆகியவற்றையும் ஒருமுறை கண்ணோட்டமிட வேண்டும். எழுத்துகளை மறைக்க மங்கலாக்குவதைவிட முழுக் கருப்புப் பட்டையை இட்டுத் தட்டையான படமாகச் சேமிப்பது பாதுகாப்பானது. மெல்லிய மங்கலை ஓரளவு மீட்டெடுக்க முடியும்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம் இருக்கிறது. தவறைக் கண்டு, மறைத்த படத்தை அதே பெயரில் மீண்டும் பதிவேற்றினால் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. விக்கி எதையும் எளிதில் மறப்பதில்லை. பழைய வடிவம் கோப்பின் வரலாற்றில் அனைவரும் திறந்து பார்க்கும்படி அப்படியே இருக்கும். அந்தப் பழைய வடிவத்தை மறைக்கும்படி நிருவாகி ஒருவரிடம் கேட்க வேண்டும். அந்த வேண்டுகோளைப் பொது உரையாடல் பக்கத்தில் எழுதி ஊருக்கே காட்டிக்கொடுக்காமல், மின்னஞ்சல் வழியாக எழுதுவது நல்லது.

பார்ப்பவரும் பார்க்க இயலாதவரும்

பார்ப்பவர் எதை எதிர்பார்த்து வருகிறாரோ அதற்கு ஏற்ப படம் இருக்க வேண்டும் என்பதை, 2011இல் அதே அறங்காவலர் குழு வேறொரு தீர்மானத்தில் ஒரு கோட்பாடாகவே ஏற்றது. தோல் நோய் பற்றிய பக்கத்தைத் திறப்பவர் அந்நோயின் படத்தை எதிர்பார்த்தே வருகிறார். தோல் என்ற பொதுப் பக்கத்தின் உச்சியில் அழுகிய புண் ஒன்றை அவர் எதிர்பார்ப்பதில்லை. சிலந்தி அச்சம் என்ற பக்கத்தின் தலைப்பகுதியில் பெரிய சிலந்திப் படத்தை வைத்தால், அந்தப் பக்கத்தால் யாருக்கு உதவி தேவையோ அவரே அதைப் படிக்க முடியாமல் ஓடிவிடுவார். கடுமையான படம் தேவைப்பட்டால் பக்கத்தில் சற்றுக் கீழே, உரிய பகுதியில், தலைப்பைப் பார்த்தே ஊகிக்கக்கூடிய இடத்தில் வைக்கலாம்.

இக்கோட்பாடு எல்லாச் சண்டைகளையும் தீர்த்துவிடாது. எர்மன் ரோர்சாக் 1921இல் வெளியிட்ட உளவியல் சோதனையின் பத்து மைக்கறைப் படங்களும் ஆங்கில விக்கிப்பீடியாவில் இடம்பெற்றபோது, 2009இல் பெரும் வாதம் மூண்டது. முன்கூட்டியே பார்த்துவிட்டவரிடம் சோதனையின் பயன் குறைந்துவிடும் என்று உளவியலாளர்கள் சொன்னார்கள். ரோர்சாக் 1922இலேயே இறந்துவிட்டார், படங்கள் பொதுவுரிமையில் உள்ளன, அறிவை மறைப்பது கலைக்களஞ்சியத்தின் வேலை அன்று என்று தொகுப்பாளர்கள் சொன்னார்கள். படங்கள் நீக்கப்படவில்லை. இரு தரப்பும் பொறுப்போடுதான் பேசின என்றே எனக்குத் தோன்றுகிறது. கவனம் என்பது ஆட்சேபம் வந்த ஒவ்வொன்றையும் அகற்றுவது ஆகாது. ஆட்சேபத்தைக் கேட்டு, எடைபோட்டு, காரணத்தை எழுதிவைப்பது.

அதிர்ச்சியைவிட அமைதியாக நடக்கும் புறக்கணிப்பு ஒன்று உண்டு. பார்வைத்திறன் இல்லாதவர்கள் திரை வாசிப்பான் மென்பொருள் வழியாகப் பக்கத்தைக் கேட்கிறார்கள். படம் வரும் இடத்தில் அந்த மென்பொருள் படிப்பது, தொகுப்பாளர் எழுதிய மாற்று உரையை. அதை எழுதாமல் விட்டால், சில வேளை கோப்பின் பெயரையே எழுத்து எழுத்தாக வாசித்துத் தொலைக்கும். மாற்று உரையும் படவிளக்கமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். படவிளக்கம் எல்லாருக்கும் தெரிவது. படத்தில் இருந்து தானாகத் தெரியாதவற்றை, அதாவது யார், எங்கே, எப்போது என்பவற்றைச் சொல்வது. மாற்று உரை, படத்தைக் காண்பவர் கண்ணால் பெறுவதைக் காண இயலாதவருக்குச் சொல்லால் தருவது. ஒரே படத்துக்குப் பக்கத்தைப் பொறுத்து மாற்று உரை மாறும். ஒரு தொங்கு பாலத்தின் படம் பாலங்களின் வகைகள் என்ற பக்கத்தில் இருந்தால், ‘இரு உயர்ந்த கோபுரங்களுக்கு இடையே வளைந்து தொங்கும் வடங்கள், அவற்றிலிருந்து செங்குத்தான கம்பிகளால் தாங்கப்படும் நீண்ட சாலை’ என்று எழுதலாம். அதே படம் ஒரு வெள்ளத்தைப் பற்றிய பக்கத்தில் இருந்தால், ‘பாலத்தின் சாலைத் தளத்துக்குச் சற்றுக் கீழே வரை உயர்ந்திருக்கும் கலங்கிய வெள்ளம்’ என்பதே தேவையான செய்தி. ‘படம்’ என்றோ ‘நிழற்படம்’ என்றோ தொடங்க வேண்டியதில்லை; அது படம் என்பதை மென்பொருளே சொல்லிவிடும்.

வண்ணங்களைப் பொறுத்தவரை, வடக்கு ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் இடர்ப்பாடு இருக்கிறது. பிற மக்களிடையே இந்த விகிதம் சற்று மாறுபட்டாலும் இல்லாமல் இல்லை. சிவப்புப் பகுதியில் அனுமதி இல்லை, பச்சைப் பகுதியில் அனுமதி உண்டு என்று மட்டும் காட்டும் வரைபடம் அவர்களுக்கு ஒரே சாம்பல் பரப்பாகத் தெரியலாம். நிறத்தோடு கோடு, புள்ளி, எழுத்து ஆகியவற்றில் ஒன்றையும் சேர்த்துவிட்டால் போதும். அசையும் படங்களில் ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் ஒளி பளிச்சிடக் கூடாது என்கின்றன உலகளாவிய வலை அணுகல் வழிகாட்டுதல்கள்; ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உடையவர்களுக்கு அது ஆபத்து.

எழுத்துகள் நிறைந்த படம், குறிப்பாக அட்டவணையைத் திரைப்பிடிப்பாக எடுத்துப் போடுவது, தவிர்க்க வேண்டியது. அதைத் தேட முடியாது, மொழிபெயர்க்க முடியாது, திரை வாசிப்பானும் படிக்காது. எழுத்தை எழுத்தாகவே தட்டச்சிடலாம். விளக்க வரைபடங்களுக்கு, படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பு வடிவம் சிறந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாது, உள்ளிருக்கும் பெயர்களைத் தமிழில் மாற்றிப் புதிய பதிப்பை உருவாக்குவதும் எளிது. நிழற்படத்துக்கு ஜேபெக், திரைப்பிடிப்புக்குப் பிஎன்ஜி என்ற அளவில் மற்ற வடிவங்களைத் தெரிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதுமானது.

உண்மைக்கும் இதில் பங்குண்டு. பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்குப் பின்னாளில் ஏற்றிய வண்ணங்கள் யாரோ ஒருவரின் ஊகம். அவ்வாறு வண்ணமேற்றியது என்பதை விளக்கத்தில் சொல்ல வேண்டும். முகம் எழுத்துப் பக்கம் பார்த்தால் அழகாக இருக்கும் என்று ஒருவரின் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவது, அவர் கன்னத்து மச்சத்தையும் இடம் மாற்றிவிடும். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்கள் இன்னும் சிக்கலானவை. நிழற்படமே கிடைக்காத ஒரு வரலாற்று மனிதருக்கு அவை நம்பத்தகுந்த முகம் ஒன்றைத் தந்துவிடுகின்றன. பார்ப்பவர் அதைச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். படம் இல்லை என்ற வெற்றிடமே அங்கே நேர்மையான தகவல்.

அடுத்து வருபவருக்கு

படத்தின் கோப்புப் பக்கத்தை, பின்னால் வரும் தொகுப்பாளருக்கு நீங்கள் எழுதும் கடிதமாகக் கொள்ளலாம். கருவி தானாக இடும் எண் வரிசைப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதைச் சொல்லும் பெயரை இட வேண்டும். என்ன, எங்கே, எப்போது, யார் எடுத்தது, எந்த உரிமம் என்பவற்றை எழுதிப் பொருத்தமான பகுப்பில், அதாவது ஒரே வகைப் படங்களைத் திரட்டும் பட்டியலில், சேர்த்துவிட்டால், அந்தப் படத்தை வேறு பத்துப் பக்கங்கள் பயன்படுத்திக்கொள்ள முடியும். நீங்கள் எடுத்த படத்துக்கு உங்கள் பெயர் கோப்புப் பக்கத்தில் இருப்பது உரிமை. கட்டுரையின் படவிளக்கத்திலும் அதைப் புகுத்தி, கூடவே உங்கள் வணிகத் தளத்துக்கும் இணைப்புத் தருவது விளம்பரம்.

ஒரு கோப்பு பல பக்கங்களில் பயன்படலாம் என்பதை மறந்து, அதே பெயரில் வேறொரு படத்தை மேலெழுதுபவர்கள் உண்டு. ஒரே சொடுக்கில் அந்தப் பக்கங்கள் எல்லாவற்றிலும் படம் மாறிவிடும். அங்கே உள்ள விளக்கங்கள் பழைய படத்துக்கு எழுதப்பட்டவையாகவே நிற்கும். ஒளியைச் சற்றுத் திருத்துவது, ஓரத்தைச் சீராக்குவது போன்ற சிறு மேம்பாடுகளுக்கு மேலெழுதலாம். வேறு படம் என்றால் வேறு பெயர் வேண்டும். ஏற்கெனவே இருக்கும் முதன்மைப் படத்தை அகற்றி உங்களுடையதை வைக்கும் முன், இரண்டையும் உரையாடல் பக்கத்தில் அருகருகே வைத்துக் கருத்துக் கேட்பது பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும்.

படத்தின் அகலத்தைப் பிக்சல் எண்ணால் கட்டாயப்படுத்துவது தேவையற்றது. படிப்பவர் தம் விருப்பத்தில் சிறுபடங்களின் அளவை அமைத்திருக்கலாம். நீங்கள் இடும் எண் அதை மீறிவிடுகிறது. உரையில் ‘வலப்பக்கப் படத்தில் காண்க’ என்று எழுதுவதும் வேண்டாம். கைப்பேசியில் வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதில்லை, படம் மேலோ கீழோ வரும்.

நீக்கக் கோரிக்கை வரும் நாளையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். படத்தில் இருப்பவர் தம் படத்தை எடுத்துவிடும்படி கேட்டால், அவர்தான் என்பதை மெய்ப்பிக்கும்படி பொதுப் பக்கத்தில் கேள்வி கேட்பது அவரை இன்னும் அம்பலப்படுத்தும். முதலில் அந்தப் பக்கத்திலிருந்து படத்தை விலக்கிவிட்டு, மற்றவற்றை மின்னஞ்சலில் பேசலாம். பதிவேற்றியவரே மனம் மாறினால், பதிவேற்றிய ஏழு நாள்களுக்குள் நீக்கக் கேட்கப்படும், எங்கும் பயன்படாத கோப்புகளை விக்கிமீடியா பொதுவகம் வழக்கமாக நீக்கித் தருகிறது. அதன் பிறகு அது சமூகத்தின் உரையாடலுக்கு உட்பட்ட முடிவாகிவிடும். பொதுவகத்தில் கோப்பு நீக்கப்பட்டால் விக்கிமீடியா திட்டங்களில் அதற்கான இணைப்புகளைத் தானியங்கி ஒன்று அகற்றிவிடுகிறது. சிறு விக்கிகளில் அத்தகைய ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது என்பதால், கோப்புப் பக்கத்தின் அடியில் உள்ள பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்து, படம் இருந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் சென்று, கோப்பு இல்லை என்பதைக் காட்டும் சிவப்பு இணைப்பையும் அதனோடு தொங்கும் படவிளக்கத்தையும் கையால் எடுத்துவிட வேண்டும். அந்த விளக்கத்தில் பெயர் இருந்தால் அதையும் விட்டுவைக்கக் கூடாது.